சித்தாளாகப் போங்கள்

உங்கள் கேள்வி இது: அலுவலகத்திலிருந்து நாற்பது பேர், மூன்று நாள், ஒரு கிராமத்துக் கண்மாயைத் தூர்வாரப் போகிறீர்கள். யாருக்கும் மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை. ஏற்கெனவே இப்படிப் போய் வந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எதைச் செய்யக்கூடாது, என்னென்ன வாங்க வேண்டும்?

நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆறு வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவன். என்.எஸ்.எஸ். என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். 1969-ல், காந்தி நூற்றாண்டை ஒட்டி 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பித்த திட்டம். சேரும் மாணவர் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் முகாம் ஒன்றுக்கும் போக வேண்டும். அப்படி ஆறு முகாம் நடத்தியிருக்கிறேன். அப்புறம் கஜா புயலுக்குப் பழைய மாணவர்களோடு பேராவூரணிப் பக்கம் போனேன். கீழே எழுதப்போவதில் பாதிக்கு மேல் நாங்கள் செய்த தப்புகள்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். இது தெரியாமல் போனால் மூன்றாம் நாள் மனசு விட்டுப்போகும். மண்ணை யூனிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு டிராக்டர் டிப்பர் கொள்வது ஏறக்குறைய அவ்வளவுதான். எடை நாலு டன்னைத் தாண்டும். பழக்கமில்லாத ஆள் ஒரு சட்டிக்கு 12 கிலோவுக்கு மேல் அள்ளினால் அரை மணி நேரத்தில் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கணக்கில் ஒரு டிப்பர் மண் என்பது 350 சட்டி. எங்கள் முதல் முகாமில் 42 பேர் வரிசையாக நின்று, சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி, காலை நாலு மணி நேரத்தில் மூன்று டிப்பர் மண் எடுத்தோம். எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம். மத்தியானம் பக்கத்துக் கண்மாயில் வேலை முடித்துக்கொண்டு போன ஹிட்டாச்சிக்காரர் வண்டியை நிறுத்தி, எங்கள் குவியலைப் பார்த்தார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, 'இருங்க தம்பி' என்று கையைக் கொஞ்சம் ஆட்டினார். பத்துப் பன்னிரண்டு வாரல். எங்கள் நாலு மணி நேர வேலை அவருக்கு அந்த பீடி அணைவதற்குள் முடிந்துவிட்டது. மாணவர்கள் யாரும் பேசவில்லை.

அப்படியானால் மனிதக் கைக்கு அங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாங்கள் வெட்டிய இடத்தில் இல்லை. கண்மாயின் நடுவில் வெட்டிக்கொண்டிருந்தோம். ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் ஒரே படத்தில் விழுவார்கள். இரண்டாம் நாள் அந்த ஊர் நீர்பாய்ச்சி வந்தார். கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது திறப்பது என்று பார்த்துக்கொள்கிறவர். எழுபது வயது இருக்கும். கரை மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்: "வாத்தியாரே, நடுக்கண்மாயில எதுக்கு வெட்டுறீக? தண்ணி வந்தாத்தானே தேங்கும்?"

எங்களை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாய் வழியாக அரை கிலோமீட்டர் மேலே கூட்டிப்போனார். கால்வாய் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. ஓரிடத்தில் ஒருவருடைய வரப்பு கால்வாய்க்குள் நாலடி நகர்ந்து வந்திருந்தது. இன்னோர் இடத்தில் பாலத்தடிக் குழாயில் பிளாஸ்டிக் பையும் மண்ணும் இறுகிப்போய்க் கிடந்தன. இயந்திரம் அங்கே இறங்காது. இறங்கினால் குழாய் உடையும். அதுதான் எங்கள் வேலை. மீதி நாட்களை அந்தக் கால்வாயில் ஒரு இருநூறு மீட்டரில் செலவழித்தோம். வரப்பு விஷயத்தை அவரே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தார். நாங்கள் பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

கண்மாய் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வரத்துக்கால்வாய், அப்புறம் கலிங்கு (மிஞ்சிய தண்ணீர் வழிகிற இடம்), மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கிற வாய்), கரை. குழி தோண்டுவது கடைசி. மடைக்குள் அடைத்த மண்ணை எடுப்பது, கலிங்குக் கல் இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்குவது, படித்துறையைச் சுத்தம் செய்வது, கரை மரங்களின் வேரோரம் வெட்டுவது, இதெல்லாம் கைதான் செய்ய வேண்டும். நடுக்கண்மாயில் ஆழம் பார்த்துத் தோண்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டு வந்தால், தண்ணீர் நிறைந்த பிறகு எங்கே பள்ளம் என்று குளிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. தூர்வாரிய குளங்களில் பிள்ளைகள் முழுகிய செய்தி வருடா வருடம் வருகிறது.

எடுத்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதிலும் நாங்கள் ஏமாந்தோம். கரையின் உள் சரிவிலேயே கொட்டினோம். பக்கமாக இருந்தது, நடை மிச்சம். முதல் மழையில் பாதி மண் திரும்ப உள்ளே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. கரையை உயர்த்தக் கொட்டினால் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து இறுக்க வேண்டும். வண்டல் மண் என்றால் வயலுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும். ஆனால் அதற்கு அரசு அனுமதி வேண்டும், யாரோ ஒரு டிராக்டர் அள்ளிக்கொண்டு போனால் உங்கள் தலையில் விழும். கண்மாய் யாருடையது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஊர் சம்மதம் அதைவிடப் பெரியது. இந்த மாதிரி முகாம்களுக்கு நூறு வயது ஆகிவிட்டது. முதல் உலகப் போர் முடிந்து, 1920-ல், பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வெர்டன் பக்கம் இடிந்து கிடந்த ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைத் திரும்பக் கட்டப் பல நாட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் உள்ளூரில் எதிர்ப்பு வந்து சில மாதத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. அவரே 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கே வந்தும் வீடு கட்டினார். வேலை நல்லதா என்பது ஒரு கேள்வி, நீங்கள் வந்து செய்வது அவர்களுக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு கிழவி. 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கினோம். மூன்று நாளில் ஒரு பெரிய பொட்டலையே மொட்டையடித்தோம். நாலாம் நாள் காலை அந்த அம்மா தலையில் சும்மாடும் கையில் அரிவாளுமாக வந்து நின்றார். "ஏப்பா, கேஸு ஒங்க காலேசுலயிருந்து குடுப்பீகளா?" என்றார். அந்தப் பொட்டல் சீமைக்கருவேலம்தான் பத்திருபது வீட்டுக்கு விறகு. கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் வருமானம். நிலத்தடி நீரைப் பற்றி நான் வைத்திருந்த பிரசங்கத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதைவிடக் கேவலம் இரண்டு மாதம் கழித்து. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போது பார்த்தேன்: ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் ஏழெட்டுக் கிளை புதர் மாதிரி வெடித்து நின்றது. சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் சாகாது. இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். ஒரு அடியாவது தோண்டி வேர்க்கட்டையோடு பெயர்க்க வேண்டும். ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க படிச்சவங்க, ஏதோ காரணத்தோட வெட்டுறீகன்னு நெனச்சோம்" என்றார்கள். இதில் கிண்டல் எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். கட்டட வேலையில் கொத்தனார், சித்தாள் என்று இரண்டு ஆள் உண்டு. கொத்தனாருக்கு வேலை தெரியும். சித்தாள் கல் எடுத்துக் கொடுப்பார், கலவை சுமப்பார், சொன்னதைச் செய்வார். குழுவாகச் சேவைக்குப் போகிற நாம் எல்லோரும் சித்தாள்தான். என்ஜினியர், மேனேஜர், பேராசிரியர் எல்லோரும். அந்த ஊரில் வேலை தெரிந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து அவருக்குக் கீழே நிற்பதுதான் நம் வேலை. நாற்பது சித்தாளுக்கு நாலைந்து கைதேர்ந்த ஆளாவது வேண்டும். அவர்களைச் சும்மா கூப்பிடாதீர்கள், நாள்கூலி கொடுங்கள். மூன்று நாள் உங்களுக்குச் சேவை, அவர்களுக்கு மூன்று நாள் சம்பாத்தியம் போகிறது. நாற்பது பனியனில் லோகோ அச்சடிக்க வைத்திருக்கிற பணம் இதற்குப் போதும். ஃபிளக்ஸ் போர்டையும் விட்டால் ஒரு கொத்தனாரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கொத்தனார் என்றதும் நினைவு வருகிறது. ஒரு முகாமில் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் வேலை. ஒரே கொத்தனார், சுற்றி நாங்கள் முப்பது பேர். ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை. பையன்கள் உற்சாகத்தில் ஒரு மூட்டை சிமென்டையும் ஒரே தடவையில் தண்ணீர் விட்டுக் குழைத்துவிட்டார்கள். அதே நேரம் டீ வந்தது, வடை வந்தது, பாட்டும் வந்தது. ஒரு கொத்தனாரால் அவ்வளவு கலவையைக் கட்டித் தீர்க்க முடியுமா? அரை மணி, ஒரு மணிக்குள் இறுக ஆரம்பித்துவிட்டது. சிலர் மேலே தண்ணீர் ஊற்றித் திரும்பக் கிளறினார்கள், அது இன்னும் பெரிய தப்பு. கொத்தனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. கரண்டியால் தட்டிப் பார்த்தார், எல்லாவற்றையும் வாரிச் சுவரோரப் பள்ளத்தில் போடச் சொன்னார். அதுவரை கூட்டம் கூட்டமாக நின்றவர்கள் அன்று மத்தியானத்திலிருந்து "அண்ணே, அடுத்து என்ன?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். உங்கள் நாற்பது பேரும் ஒரே சமயத்தில் வேலை செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வெட்ட, பத்துப் பேர் சுமக்க, மற்றவர்கள் தண்ணீர், சமையல், அரம் பிடித்துத் தீட்டுவது என்று அரை மணிக்கு ஒருமுறை மாற்றினால் யாரும் விழமாட்டார்கள்.

இந்த மாற்றி மாற்றிச் செய்வதில் ஒன்றைக் கவனியுங்கள். விட்டால் ஆண்கள் மம்பட்டியை எடுத்துக்கொள்வார்கள், பெண்கள் தானாக அடுப்படிக்குப் போய்விடுவார்கள். நூறு நாள் வேலைக்குப் போய்ப் பாருங்கள், மண் வெட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். எங்கள் முகாமில் மிக நன்றாக மம்பட்டி போட்டது ஒரு வணிகவியல் மாணவி. விடுமுறையில் அம்மாவோடு கூலிக்குப் போய்ப் பழகியவள். முதல் இரண்டு நாள் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூலிக்குப் போவது தெரிந்தால் கூட இருக்கிற பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். மூன்றாம் நாள் பையன்கள் வெட்டுகிற லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து மம்பட்டியை வாங்கினாள். இடது கால் முன்னே, முட்டி லேசாக மடங்கி, மம்பட்டி தோளுக்கு மேல் போகவில்லை. ஓங்கி அடிக்கவும் இல்லை. அதன் எடையிலேயே விழவிட்டாள். நாலு விரல் கனத்துக்கு மண் சீவிக்கொண்டு வந்தது. பையன்கள் தலைக்கு மேல் ஓங்கி முக்கால் அடி ஆழம் இறக்கிவிட்டு, அதைப் பிடுங்கவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்ச நாலு நாளும் அவள்தான் எங்கள் மேஸ்திரி.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். நீங்கள் தங்குவது எந்தத் தெரு, தண்ணீர் எடுப்பது எந்தக் குழாய், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டாவது முகாமில் கோயில் தெருவிலேயே ஐந்து நாள் வேலை பார்த்துவிட்டோம். ஆறாம் நாள் காலனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து, "எங்க பக்கம் சாக்கடை இல்லையா சார்?" என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நடத்திய முகாம்கள் எல்லாவற்றையும் காலனியிலிருந்துதான் ஆரம்பித்தேன். அதற்காக ஒரு ஊரில் தங்க இடம் தர மறுத்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம்.

கஜாவில் கற்றது வேறு மாதிரி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பத்து நாள் கழித்துப் போனோம். பட்டுக்கோட்டை தாண்டியதிலிருந்து தோப்புத் தோப்பாகத் தென்னை ஒரே திசையில் படுத்திருந்தது. புது அரிவாள், கயிறு எல்லாம் கொண்டுபோயிருந்தோம். விழுந்த தென்னையில் கை வைப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை. பாதி பெயர்ந்த வேரோடு சாய்ந்து நிற்கிற மரத்தை நடுவில் அறுத்தால், பாரம் குறைந்ததும் வேர்ப்பக்கம் படக்கென்று நிமிரும். குழிக்குள் ஆள் நின்றால் அவ்வளவுதான். மெஷின் வைத்து அறுக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் அறுத்தார்கள், நாங்கள் மட்டை இழுத்தோம், காய் பொறுக்கினோம், பாதை ஒதுக்கினோம். மட்டைக்கு அடியில் தேள், பாம்பு இருக்கும். கையை விடுவதற்கு முன் கம்பால் புரட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தத் தோப்புக்காரர் நாங்கள் வேலை செய்த இரண்டு நாளும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். இன்னொரு கன்று வைத்துக் காய் பார்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அவருக்கு அப்போதே அறுபதைத் தாண்டிய வயது. மட்டை இழுக்கத் தெம்பில்லாத ஒரு பையன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எந்த மரம் எந்த வருஷம் வைத்தது என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். பாதிப்புக் கணக்கெடுக்க வந்தவர்களிடம் காட்ட அந்த நோட்டு உதவியது. நாங்கள் இழுத்த மட்டையை விட அதுதான் அவருக்கு உருப்படியான வேலை என்று நினைக்கிறேன்.

மரம் நடுவதும் உங்கள் திட்டத்தில் இருந்தால் இருநூறு கன்று வேண்டாம், இருபது போதும். தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவான எண்ணிக்கைக்கு மேல் ஒரு கன்றும் வைக்காதீர்கள். ஆடு கடிக்காமல் இருக்க அதே சீமைக்கருவேல முள்ளைத்தான் வேலியாகக் கட்ட வேண்டும். அதற்காவது கொஞ்சம் விட்டு வைக்கலாம்.

உடம்புக்கு வருகிறேன். காலை ஆறிலிருந்து பத்து, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. நடுவில் யார் கேட்டாலும் வெயிலில் இறங்காதீர்கள். தாகம் எடுப்பதற்கு முன்பே உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் மத்தியானம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒருவர் உளற ஆரம்பித்தாலோ, உடம்பு கொதித்துத் தள்ளாடினாலோ நிழலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறாமல், கட்டாமல், நேராக அரசு மருத்துவமனை. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கிளம்பும் முன்பே ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும். கையில் கொப்புளம் வரும், கட்டாயம் வரும். உடைக்காமல் துணி சுற்றிக்கொண்டு சட்டி சுமக்கிற வேலைக்கு மாறிவிட வேண்டியதுதான். இரண்டாம் நாள் காலை யாராலும் எழுந்திருக்க முடியாது. அதனால் முக்கியமான வேலையை முதல் நாளிலோ மூன்றாம் நாளிலோ வையுங்கள்.

மூன்று நாள் போதுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கண்மாய்க்குப் போதாது. ஒரு மடைக்கும் ஐம்பது மீட்டர் கால்வாய்க்கும் போதும். அதை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் ஐந்து பேராவது திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்ன வாங்குவது? காலுக்கு ஷூ, ரப்பர் செருப்பில் கருவேல முள் ஏறி மேலே வந்துவிடும். நாலைந்து அரம். சட்டி ஆளுக்கு ஒன்று தேவையில்லை, வரிசைக்கு இருபது போதும். தலையில் சுமப்பவர்களுக்குச் சும்மாடு கட்ட பழைய துண்டு. மம்பட்டியை அந்த ஊர்ப்பக்கச் சந்தையிலேயே வாங்குங்கள், அந்த மண்ணுக்கு ஏற்ற தகடும் கணையும் (மரக் கைப்பிடி) அங்கேதான் கிடைக்கும். புதுக் கணை சொரசொரவென்று இருக்கும். உடைந்த கண்ணாடிச் சில்லால் சீவி வழவழப்பாக்கிக்கொண்டால் பாதிக் கொப்புளம் மிச்சம். முந்தின ராத்திரி எல்லா மம்பட்டியையும் கணை மாட்டிய பக்கம் முழுகுகிற மாதிரி தண்ணீர்த் தொட்டியில் போட்டு வையுங்கள். மரம் ஊறிப் பருத்து ஆப்பு இறுகிவிடும். நாங்கள் முதல் வருடம் போடவில்லை. பத்தாவது வெட்டிலேயே ஒரு தகடு கழன்று பறந்து, பின்னால் இருந்த சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.